வாயால் சொன்ன ‘முடியாது’ செல்லாது: ஜவ்வாது மலையில் வன உரிமை

காட்டு நிலத்தில் பரம்பரையாகச் சாமை விதைத்து வருபவருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்கிறது 2006 வன உரிமைச் சட்டம். குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை கிடைக்கும். தேன், கடுக்காய் எடுக்கவும் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கவும் ஊருக்குப் பொதுவாக உரிமை உண்டு. சட்டம் இவ்வளவுதான். பீஞ்சமந்தையிலிருந்து ஒடுகத்தூர் இறங்கி, அணைக்கட்டு போய், வேலூருக்கு விரட்டப்பட்டு வெறுங்கையோடு மலையேறுகிறவர்களுக்காக மிச்சத்தை எழுதுகிறேன்.

உரிமை கேட்கும் மனுவைத் தாலுகா ஆபீஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது போகவேண்டிய இடம் உங்கள் கிராம சபையின் வன உரிமைக் குழு. படிவம் இலவசம். கொடுத்ததும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ‘மனுவே வரலையே’ என்று பிறகு சொல்வார்கள்.

அடுத்து, ‘பட்டா இருக்கா?’ என்பார்கள். பட்டா இருந்தால் அவர் ஏன் மனு போடுகிறார்? சட்டம் கேட்பது, 13.12.2005-க்கு முன்பிருந்தே அந்த நிலம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம். கல்லடுக்கிக் கட்டிய வரப்பு, கிணறு, மூதாதையர் சமாதி, ஊர்ப் பெரியவரின் எழுத்து வாக்குமூலம் எல்லாமே ஆதாரம். ரேஷன் கார்டும் ஆகும், ஆனால் 2017-க்குப் பிறகு வந்த ஸ்மார்ட் கார்டை மட்டும் நீட்டாதீர்கள். பழைய கார்டைத் தேடி எடுங்கள்.

பரணில் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்த அபராத ரசீது ஒன்று பல வீடுகளில் இருக்கிறது. ‘ஆக்கிரமிப்பு’ என்று ஃபாரஸ்ட்காரர் எழுதிக் கொடுத்தது. குற்றத்துக்குச் சாட்சி என்று பயந்து அதை மறைக்கிறார்கள். அதிலிருக்கும் தேதி 2005-க்கு முந்தையது என்றால், நீங்கள் அப்போதே அங்கே இருந்ததை வனத்துறையே எழுதித் தந்திருக்கிறது என்று பொருள். அந்த ரசீதை மட்டும் காட்டி மனுவைத் தள்ளக்கூடாது என்று விதியே இருக்கிறது. தைரியமாக மனுவோடு இணையுங்கள்.

சாதிச் சான்றுதான் பெரிய முட்டுக்கட்டை. பழங்குடிச் சான்று தாசில்தார் தருவதல்ல, ஆர்டிஓ எனும் வருவாய்க் கோட்டாட்சியர் தருவது. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரளத்தவர் அல்ல) மத்திய அரசின் பழங்குடிப் பட்டியலில் மாவட்டம் ‘வட ஆற்காடு’ என்றே இருக்கும். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்றும் அதிலிருந்து பிரிந்தவைதான். மாவட்டப் பெயரைக் காட்டி யாராவது இழுத்தடித்தால் இதைச் சொல்லுங்கள். சான்று இல்லாவிட்டால் பழங்குடி அல்லாதவராகக் கருதி, 2005-க்கு முன் 75 வருஷம் இருந்ததை நிரூபிக்கச் சொல்வார்கள். அது லேசில் முடியாது.

நிலத்தைப் பார்வையிட வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுக்கும்படி வன உரிமைக் குழுவிடம் சொல்லுங்கள். வராமல் இருந்துவிட்டு, ‘நாங்க இல்லாதப்போ அளந்தாங்க’ என்று மறுப்பது வழக்கமான தந்திரம். அப்படி மறுத்தால் மறு ஆய்வு நடக்கும். அதற்கும் வராவிட்டால் அந்தக் கள ஆய்வில் கிராம சபை முடிவே இறுதி.

மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுதி உங்கள் கையில் தரவேண்டும். கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு: கோட்ட அளவிலான குழுவுக்கு, பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு. வாய்வார்த்தையைக் கேட்டுத் திரும்பினால் கையில் காகிதமே இருக்காது. சாட்டிலைட் படத்தில் உங்கள் நிலம் காடுபோலப் பச்சையாகத் தெரிகிறது என்றாலும் விடாதீர்கள். அந்தப் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணை, மாற்று அல்ல.

விசாரணை முடியும்வரை உங்களை நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது. எழுதாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவேண்டாம். உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரவேண்டும். அந்த நிலத்தை விற்கவும் முடியாது, ‘அட்வான்ஸ்’ என்று யார் பணத்தோடு வந்தாலும் வாங்கிவிடாதீர்கள்.