கண்ணுக்குத் தெரியாத தாயக்கட்டை

"பன்னெண்டு இவ்வளவு தடவ விழாதும்மா. இது கட்டையே இல்ல."

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் லைன் வீட்டுப் பாட்டி, பேரன் எழுதிய தாய விளையாட்டைக் கால் மணி நேரம் ஆடிவிட்டு என்னிடம் சொன்னது இது. பேரன் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியில் கற்ற பைத்தான் நிரல்மொழியை வைத்து, அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில், ஆடி மழையில் வெளியே தலை காட்ட முடியாத நாட்களில் உட்கார்ந்து எழுதியிருந்தான். நான் பதினாறு வருடமாக மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். அவனுடைய நிரலை முதல் நாளே பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லியும் விட்டேன். நான் பார்க்கத் தவறியதைப் பாட்டியின் விரல்கள் பார்த்துவிட்டன.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாயக்கட்டைக்கு நான்கு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டையை உருட்டினால் மொத்தம் பதினாறு விதமாக விழலாம். இரண்டும் வெறுமையாக விழுவது பதினாறில் ஒரே ஒரு விதம், அதுதான் பன்னிரண்டு. தாயத்துக்கு, அதாவது ஒன்றுக்கு, இரண்டு விதம், இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நான்கு, நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு. பையன் எழுதியதோ வேறு. ஒன்று முதல் ஆறு வரை, கூடவே பன்னிரண்டு என்று ஏழு எண்களை ஒரு பட்டியலில் போட்டு, அதிலிருந்து ஏதாவது ஒன்றை எடுக்கச் சொல்லியிருந்தான். அப்படிச் செய்தால் எல்லா எண்ணும் ஏழில் ஒரு முறை விழும். பன்னிரண்டு இருமடங்குக்கு மேல் விழும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பாட்டி வீட்டு விதி. உண்மைக் கட்டையில் அது பதினாறில் ஆறு முறை நடக்கும், அவன் நிரலில் ஏழில் நான்கு முறை. உருட்டுகிறவர் கையை விட்டுக் கட்டை நகரவே நகராது. பாட்டிக்கு எரிச்சல் வந்ததில் வியப்பில்லை.

பொழுதுபோக்காகப் பகடை விளையாட்டு எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். நிரல் கற்றவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் இதில்தான். கற்பதற்கு நல்ல இடமும்கூட. ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். கீழடி அகழாய்வில் கிடைத்த தந்தப் பகடையாகட்டும், பாட்டி இலங்கையிலிருந்து டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த பித்தளைக் கட்டையாகட்டும், சந்தேகம் வந்தால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், எதிராளியின் கட்டையை வாங்கி உருட்டலாம். கணினியில் அது முடியாது. ஆடுகிறவருக்குக் கட்டை கண்ணுக்கே தெரியாது. நாம் காட்டும் எண்ணை அவர் நம்பித்தான் ஆக வேண்டும். பார்க்க முடியாத ஒருவருக்காகக் கட்டை செய்கிறோம் என்ற பொறுப்பு முதல் வரியிலிருந்தே வேண்டும்.

விதிகளை முதலில் நோட்டில் எழுதச் சொன்னேன். தாயம் விழாமல் காய் இறங்கலாமா? மலையில், அதாவது பாதுகாப்புக் கட்டத்தில், உட்கார்ந்த காயை வெட்டலாமா? ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போய்ப் பழம் எடுக்க முடியுமா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதில் இருக்கும். எழுதி மாட்டாத விதி சண்டையில்தான் முடியும். நம் நீலகிரிக்கு இது புதிதுமல்ல: நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி 1875இல் ஜபல்பூரில் தொடங்கிவைத்த ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு, 1882இல் விதிகள் எழுதப்பட்டது நம் ஊட்டி கிளப்பில்தான்.

பையன் பட்டியலைத் தூக்கிவிட்டு இரண்டு கட்டையையும் தனித்தனியாக உருட்டினான். பைத்தானில் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை குருட்டாம்போக்கில் எடுத்த ஒரு ரேண்டம் எண், அதேபோல் இன்னொன்று, இரண்டையும் கூட்டு, இரண்டும் பூஜ்ஜியம் என்றால் பன்னிரண்டு. அவ்வளவுதான். பிறகு போனில் ஆட வேண்டுமென்று அதையே ஜாவாஸ்கிரிப்டில் எழுதினான். அங்கேதான் அடுத்த பள்ளம். அந்த மொழி தருவது பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஒரு தசம எண். அதை மூன்றால் பெருக்கி, அருகிலிருக்கும் முழு எண்ணுக்கு மாற்றினான். கேட்டால் சரியாகத்தான் படும். ஆனால் அரைக்குக் கீழே இருப்பது மட்டுமே பூஜ்ஜியமாகும். இரண்டரைக்கு மேலே இருப்பது மட்டுமே மூன்றாகும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் முழு இடம், ஓரத்தில் இருக்கும் பூஜ்ஜியத்துக்கும் மூன்றுக்கும் பாதி இடம். வெறுமை நான்கில் ஒரு முறை விழுவதற்குப் பதில் ஆறில் ஒரு முறை விழும். அதனால் பன்னிரண்டு பதினாறில் ஒன்றிலிருந்து முப்பத்தாறில் ஒன்றாகத் தேய்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், தாயம் எட்டில் ஒன்றிலிருந்து ஒன்பதில் ஒன்றாகத்தான் மாறும். தாயத்தை மட்டும் கவனிக்கிறவர் வருடக்கணக்கில் ஆடினாலும் இதைக் கண்டுபிடிக்க மாட்டார். நான்கால் பெருக்கித் தசமத்தை வெட்டி எறிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மூன்றாவது பிழையையும் பாட்டிதான் பிடித்தார். லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல நாளாகிறது. மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை ஒடிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும், ஆட்டமும் போகும். அன்று மூன்று முறை போய் வந்தது. மூன்றாவது முறை ஆட்டம் தொடங்கியதும் பாட்டி சொன்னார்: "மொதல்ல மூணு, அப்புறம் அஞ்சு, அப்புறம் ரெண்டு விழும் பாரு." அப்படியே விழுந்தது.

கணினி தானாக எண்ணைக் கற்பனை செய்வதில்லை. விதை எண் ஒன்றை வாங்கிக்கொண்டு, அதிலிருந்து கணக்குப் போட்டு அடுத்தடுத்த எண்களைத் தருகிறது. விதை ஒன்றே என்றால் விளைவதும் ஒன்றே. பிழை தேடும்போது இது பெரிய வரம்: ஒரே ஆட்டத்தை நூறு முறை அச்சு மாறாமல் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். அதற்காகப் பையன் விதையாக 7 என்று எழுதி வைத்திருந்தான், எடுக்க மறந்துவிட்டான். நம்மில் பலரும் மறக்கிறோம். அந்த வரி இல்லாவிட்டால் பைத்தானே இயங்குதளத்திடம் போய்ப் புது விதை வாங்கிக்கொள்ளும். கடிகார நொடியை விதையாக வைக்கச் சொல்லும் பழைய பாடங்களையும் நம்ப வேண்டாம். 1999இல் ஓர் இணையப் போக்கர் நிரலில் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிநொடிகளை விதையாக வைத்துச் சீட்டைக் கலைத்தார்கள். ஒரு நாளுக்கு மொத்தமே 8 கோடியே 64 லட்சம் மில்லிநொடிதான். பாதுகாப்பு ஆய்வாளர்கள் கடிகாரத்தை ஒத்துவைத்து அதை ஏறக்குறைய இரண்டு லட்சமாகச் சுருக்கி, கண்ணுக்குத் தெரிந்த ஐந்து சீட்டை வைத்து மீதிச் சீட்டையெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். "பாத்தா சரியாதான் இருக்குக்கா" என்று பையன் சொன்னபோது எண்ணச் சொன்னேன். ஆயிரத்து அறுநூறு முறை உருட்டச் சொல்; கணினிக்கு அது கண் இமைக்கும் நேரம். பன்னிரண்டு 100, தாயம் 200, இரண்டு 300, மூன்று 400, நான்கு 300, ஐந்து 200, ஆறு 100 என்ற அளவில் வர வேண்டும். அச்சாக வராது, வரவும் கூடாது. பன்னிரண்டு 80க்கும் 120க்கும் இடையே இருந்தால் கவலை வேண்டாம். முதல் நிரல் 229 பக்கம் போயிருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் 44 பக்கம். இரண்டுமே ஒரே பார்வையில் மாட்டிக்கொள்ளும்.

இன்னும் நெருக்கிப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும், விழுந்ததற்கும் விழ வேண்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதையே அதனால் பெருக்கி, விழ வேண்டியதால் வகுத்து, வந்த ஏழு விடைகளையும் கூட்ட வேண்டும். நேர்மையான கட்டைக்கு இந்தக் கூட்டுத்தொகை 12.59ஐத் தாண்டுவது இருபதில் ஒரு முறைதான். தாண்டினால் திரும்ப ஓட்டு. மறுபடியும் தாண்டினால் நிரலைத் திற. ஜாவாஸ்கிரிப்ட் பிழையில் பன்னிரண்டு மட்டுமே சுமார் 31ஐச் சேர்த்துவிடும். 1900இல் கார்ல் பியர்சன் வகுத்த கை-வர்க்கச் சோதனைதான் இது. அவர் எடுத்துக்காட்டாகக் காட்டியதும் பகடையைத்தான்: வெல்டன் என்ற உயிரியலாளர் பன்னிரண்டு பகடைகளை 26,306 முறை உருட்டி எழுதிவைத்த கணக்கு. அதில் ஐந்தும் ஆறும் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருந்தன. புள்ளிகளுக்காகக் குழி தோண்டியதில் அந்தப் பக்கங்களின் எடை குறைந்துபோனது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கையால் செய்த கட்டைக்கும் சாய்வு உண்டு. கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடித்ததில்லை, எண்ணித்தான் பிடித்தார்கள்.

எல்லாம் சரியான பிறகு பையனின் கூட்டாளிகள் ஆடிவிட்டுக் குறை சொன்னார்கள்: "தாயமே விழ மாட்டேங்குதுடா." உண்மையான ஆபத்து இங்கேதான் என்று நினைக்கிறேன். தாயத்துக்கான வாய்ப்பு எட்டில் ஒன்று என்றால், எட்டு உருட்டலில் ஒருமுறையாவது விழும் என்று மனம் எதிர்பார்க்கிறது. ஆனால் எட்டு உருட்டலிலும் விழாமல் போக நூற்றுக்கு 34 வாய்ப்பு இருக்கிறது. இருபது உருட்டலிலும் விழாமல் போக 7. நான்கு பேர் ஆடினால், ஏறக்குறைய நான்கில் ஓர் ஆட்டத்தில் யாரோ ஒருவர் இருபது உருட்டியும் காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பார். பித்தளைக் கட்டையிலும் இதுதான் நடக்கிறது; அங்கே கட்டையைத் திட்டுகிறோம், இங்கே எழுதியவரைத் திட்டுகிறார்கள்.

திட்டுக்குப் பயந்து, பத்து முறை விழாவிட்டால் பதினோராவது முறை சத்தமில்லாமல் தாயம் விழவைக்க ஒரு வரி எழுதப் போனான். வேண்டாம் என்றேன். காத்திருப்பது சலிப்பாக இருந்தால் விதியை மாற்று: 'பத்து முறை தாயம் விழாதவர் காயை இறக்கிக்கொள்ளலாம்' என்று திரையிலேயே எழுதிவை. நான்கு பேருக்கும் தெரிந்து மாற்றினால் அது விதி. கட்டைக்குள் ஒளித்துவைத்தால், ஆடுகிறவர் மகிழ்ந்தாலும் அது ஏமாற்றுதான். இன்று தோற்கிறவருக்கு இரக்கப்பட்டு எழுதும் அதே வரியை நாளை யாரோ அவரை விடாமல் பிடித்துவைக்க எழுதுவார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் ஒருவர் அவனிடம், "பத்து ரூபா கட்டி ஆடுற மாதிரி பண்ணித் தர முடியுமா" என்று கேட்டிருக்கிறார். மாணவர்களே, தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடைசெய்கிறது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பொழுதுபோக்காகச் செய்தேன் என்று அங்கே சொல்லித் தப்ப முடியாது. சட்டம் இல்லாவிட்டாலும் கட்டையைச் செய்தவரே காசுப் பெட்டியையும் வைத்திருக்கக் கூடாது.

இப்போது கோவையில் இருக்கும் அண்ணனும் அங்கிருந்தே சேர்ந்து ஆட வேண்டுமாம். அப்படியென்றால் கட்டை எந்தப் போனிலும் உருளக் கூடாது, பொதுவான சர்வரில் உருள வேண்டும். போனில் உருட்டி எண்ணை மட்டும் அனுப்பினால், கொஞ்சம் தெரிந்தவர் எந்த எண்ணையும் அனுப்பிவிடலாம். பைத்தானின் வழக்கமான ரேண்டம் முறையும் இதற்குப் போதாது. அது உள்ளே தரும் எண்கள் 624ஐத் தொடர்ந்து முழுமையாகப் பார்த்தவர் அடுத்ததைக் கணித்துவிடலாம். அதற்கென்றே 'சீக்ரெட்ஸ்' என்று தனி மாட்யூல் இருக்கிறது. அதற்கு மாற்றிவிட்டான்.

திரையின் ஓரத்தில் ஒரு பொத்தானும் வைக்கச் சொன்னேன். அழுத்தினால் அந்த ஆட்டத்தில் யாருக்கு எது எத்தனை முறை விழுந்தது என்று வரிசையாக வரும். போன ஞாயிறு பாட்டி தோற்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்கு எத்தன தாயம் விழுந்துச்சு, காட்டு" என்றார். நாற்பத்தொரு உருட்டலில் மூன்று. விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். பேரனுடைய கணக்கையும் எண்ணினார்.

"சரி, காய அடுக்கு" என்றார்.