சுவர்க் கிறுக்கல்: புகாரை யாரிடம் கொடுப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கிறுக்கலை அழிக்க வைக்க வேண்டுமானால், அந்தச் சுவர் யாருடையது என்று முதலில் பாருங்கள். பூங்கா, பொதுக் கழிப்பறை, தாமான் (வீடமைப்புப் பகுதி) சாலையோரம் என்றால் குவாலா கங்சார் நகராண்மைக் கழகம். மின்சாரத் துணை நிலையம் தெனாகா நேஷனலுடையது. ஈப்போவிலிருந்து வரும் பழைய பெருஞ்சாலை கூட்டரசுச் சாலை. அதன் பாலத்துக்குப் பொதுப்பணித் துறை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர் என்றால் தோட்ட நிர்வாகம்தான். இடம் மாறிக் கொடுத்தால் அலைச்சல்தான் மிச்சம்.

நேரில் போகலாம், சிஸ்பா என்ற பொதுப் புகார் இணையதளத்திலும் எழுதலாம். மலாயில் நாலு வரி போதும். ஆனால் ‘பஸ் ஸ்டாப் பக்கத்தில்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். படம், சாலைப் பெயர், பக்கத்து மின்கம்பத்தின் எண் மூன்றும் இருக்கட்டும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். மறுபடி கேட்கப் போகும்போது அதுதான் கைகொடுக்கும்.

நாம் சொல்லாவிட்டால் அதிகாரிகளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நியூயார்க்கில் 311 என்ற எண்ணுக்கு வரும் கிறுக்கல் புகார்களை முகவரியோடு பதிந்து வெளியிடுகிறார்கள். யாரும் வரைபடமாகப் போட்டுப் பார்க்கலாம். அதில் புள்ளி விழுவது புகார் வந்த இடத்தில் மட்டும். சுவரெல்லாம் கிறுக்கல் இருந்தாலும் வாய் திறக்காத தெரு சுத்தமான தெருவாகவே தெரியும். நம் தாமான்களுக்கும் இதே கதிதான்.

கிறுக்கியவர் பிடிபட்டால்? தண்டனைச் சட்டம் 427ஆவது பிரிவின்படி, சேதம் 25 ரிங்கிட்டைத் தொட்டாலே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இன்றைய பெயிண்ட் விலையில் 25 ரிங்கிட் எம்மாத்திரம்! பள்ளிப் பையன்களுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

ஆலோங், அதாவது உரிமமில்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்பவர்கள், ஒட்டும் நோட்டீஸ் தனி ரகம். இன்று கிழித்தால் நாளை அடுத்த கம்பத்தில் தொங்கும். அதனால் புகாரில் அந்தக் கைப்பேசி எண்ணையும் எழுதுங்கள். எண்ணைத் துண்டிக்கும்படி ஊராட்சி மன்றங்கள் தொடர்பு, பல்லூடக ஆணையத்தைக் கேட்பதுண்டு.

அதே ஆட்கள் வீட்டு கேட்டில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றியிருந்தால் நகராண்மைக் கழகத்துக்கு ஓட வேண்டாம், உடனே துடைக்கவும் வேண்டாம். படம் எடுத்து, போலீசில் புகார் கொடுத்த பிறகு வாளியைத் தூக்குங்கள். கடன் வாங்கியவர் முன்பு குடியிருந்தவர் என்றால் அதையும் புகாரில் சொல்லிவிடுங்கள்.