‘நாளை தொடர்கிறேன்’ என்ற வரியோடு நின்றுபோன நோட்டு

ஆலோசனைக்கு வந்த ஒருவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நீல அட்டை, முனைகள் மழுங்கியிருந்தன. பல ஆண்டுகளாக இரவுதோறும் எழுதிவந்தவர். கடைசியாக எழுதிய பக்கத்தின் நடுவில், ‘தூக்கம் வருகிறது, நாளை தொடர்கிறேன்’ என்று ஒரு வரி. அடுத்த ஏழு பக்கங்களிலும் மேலே தேதி மட்டும் இருந்தது, கீழே ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு தேதியும் இல்லை. பதினொரு மாதங்கள் ஆகிவிட்டன என்றார்.

“என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் வேலை அதிகம். அதற்கு மறுநாள் காய்ச்சல். விட்ட நாள்களைப் பிறகு நிரப்பிவிடலாம் என்று தேதி போட்டு வைத்தேன். நிரப்ப வேண்டியது கூடிக்கொண்டே போனது. அப்புறம் நோட்டைத் திறக்கவே மனம் வரவில்லை.”

மனநல ஆலோசகராக இந்தப் பதிலைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். நாட்குறிப்போ, கதையோ, ஆய்வேடோ, எழுதுவது எதுவானாலும் நின்றுபோகும் விதம் பெரும்பாலும் இதுதான். இனி எழுதப்போவதில்லை என்று யாரும் முடிவெடுப்பதில்லை. ஒரு சிறு தடங்கல் வருகிறது. பிறகு அந்த இடைவெளியே கடனாகிவிடுகிறது, நாளாக ஆக அதற்கு வட்டியும் ஏறுகிறது. வருகிறவர்கள் தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டே வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சோம்பலாக மட்டும் இருந்தால் மூடிய நோட்டைப் பார்த்து இவ்வளவு உறுத்தாது. அவர்களைத் தடுப்பது வெட்கம்.

‘தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன’ என்போம். இந்த மனநிலையை உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் ஆராய்ந்தவர்கள் ஜேனட் போலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளர்கள். 1975-இல் ஹெர்மன் பங்கேற்று வெளியிட்ட ஓர் ஆய்வில், கட்டுப்பாட்டோடு உண்பவர்களில் சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள். அதைக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். விதி உடைந்துவிட்டது, இனிக் காத்து என்ன பயன் என்று மனம் கைவிட்டுவிடுகிறது. ஒரு வாரம் எழுதாதவர் ஓர் ஆண்டு எழுதாமல் போவதிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது.

உண்மையில் ஒரு நாள் விடுபடுவதற்கு அவ்வளவு வலிமை கிடையாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்தார்கள். ஒரு புதிய செயல் தானாகவே நடக்கும் பழக்கமாக ஆக, நடுத்தரக் கணக்கில் 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபடும் என்று, 12 வாரத்தைத் தாண்டியதைக் கணிப்பாகச் சொன்னார்கள். இடையில் ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைச் சொல்லும்படியாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி, 22-ஆம் நாள் மனம் உடைந்தவர்களைப் பார்த்திருப்பதால் இந்த எண்களை அழுத்திச் சொல்கிறேன்.

தன்னைத் திட்டிக்கொள்வதும் உதவுவதில்லை. கனடாவில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள்.

நீல நோட்டுக்காரரிடம் புதிய நோட்டு வாங்க வேண்டாம் என்றேன். புது நோட்டு முதல் நாளில் உற்சாகம் தரும், உண்மைதான். ஆனால் பழைய நோட்டின்மேல் இருக்கும் வெட்கம் அப்படியே இருக்கும். அடுத்த தடங்கலில் புது நோட்டும் பழையதைப் போலவே மூடப்பட்டு அலமாரிக்குப் போய்விடும். ‘நாளை தொடர்கிறேன்’ வரிக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்ததே, அங்கேயே இன்றைய தேதி போட்டு எழுதச் சொன்னேன். ஏன் எழுதவில்லை என்ற விளக்கம் வேண்டாம், பதினொரு மாதச் சுருக்கமும் வேண்டாம். இன்று கண்ணில் பட்ட ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் போதும். ஆறாவது வரி வந்தாலும் முதல் வாரம் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். இன்னும் கொஞ்சம் எழுதலாமே என்ற ஆசை இருக்கும்போது நிறுத்தியவருக்கு மறுநாள் உட்கார்வது எளிதாக இருக்கிறது. நேரத்தையும் ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். ‘இரவில் எழுதுவேன்’ என்பது நழுவிவிடும். ‘பல் துலக்கியதும் நாற்காலியில் உட்காருவேன்’ என்பது நிற்கும்.

ஒன்றை எல்லோரிடமும் கேட்டுவிடுகிறேன்: எழுத்து மட்டும்தான் நின்றதா? தூக்கம், பசி, பிடித்தவர்களோடு பேசுவது, பிடித்த வேலைகள் எல்லாவற்றிலும் நாட்டம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், பழக்கத்தைச் சரிசெய்ய முயல்வது போதாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. பெரிய இழப்புக்குப் பின் எழுத்து நின்றவர்களும் அந்த இழப்பிலிருந்தே மறுபடி தொடங்கத் தேவையில்லை. வலியை எழுதியவுடன் சிலருக்குச் சற்று நேரம் மனம் கூடுதலாகக் கனக்கும். கையில் எழுத்து ஓடட்டும், அதன் பிறகு அங்கே போகலாம்.

மூன்று வாரம் கழித்து அவர் நோட்டோடு வந்தார். இருபத்தொரு நாளில் ஒன்பது நாள் எழுதியிருந்தார். மற்ற பன்னிரண்டு நாள்களுக்குக் காரணம் சொல்லத் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டே பக்கங்களைப் புரட்டினேன். தேதி மட்டும் போட்டுக் காலியாகக் கிடந்த ஏழு பக்கங்களும் நிரம்பியிருந்தன. ஒவ்வொன்றிலும் பழைய தேதி ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, பக்கத்திலேயே எழுதிய அன்றைய தேதி இருந்தது.