ஹோஸ்டிங்கில் யாரும் திறந்து பார்க்காத மெயில் பெட்டி

வெப்சைட் திறக்கவில்லை, ஆபீஸில் யாருக்கும் மெயிலும் வரவில்லை என்று அழைப்பு வந்தால், ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கத்தில் நான் முதலில் பார்ப்பது டிஸ்க் அளவைத்தான். பல முறை இடம் மொத்தமும் தீர்ந்திருக்கும். எது தின்றது என்று தேடிப்போனால், இப்படி ஒன்று இருப்பதே நிறுவனத்தில் யாருக்கும் தெரியாத ஒரு மெயில் கணக்கில் போய் நிற்கும்.

சிபேனல் ஹோஸ்டிங் வாங்கும்போதே உங்கள் யூசர்நேமில் ஒரு மெயில் கணக்கு தானாக உருவாகிவிடுகிறது. இதுதான் டீஃபால்ட் கணக்கு. இதை அழிக்க முடியாது. வேறு முகவரி கொடுக்காவிட்டால், சர்வரில் நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகளின் அறிக்கை இதில்தான் விழும். அப்புறம், டீஃபால்ட் அட்ரஸ் என்ற அமைப்பு இந்தக் கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தால், உங்கள் டொமைனில் இல்லாத எந்தப் பெயருக்கு மெயில் வந்தாலும் இங்கே வந்து சேரும். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அட்மின், எச்ஆர் என்று வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போட்டுப் பார்ப்பார்கள். அத்தனையும் உள்ளே வரும். பொதுவாக ஒவ்வொரு மெயிலும் சர்வரில் ஒரு தனி ஃபைல். அதனால் இடம் மிச்சமிருந்தாலும், ஃபைல்களின் எண்ணிக்கைக்கு உள்ள ஐநோடு வரம்பு தீர்ந்துவிடலாம்.

“முகவரியில் ஓர் எழுத்து தப்பினாலும் ஆர்டர் நம்மிடம் வந்துவிடுமே, எல்லாவற்றையும் வாங்கி வைத்தால் என்ன?” என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாங்கி வைப்பதை யார் படிக்கிறார்கள்? மெயில் திரும்பி வந்தால், அனுப்பியவர் முகவரியைச் சரிபார்த்து மறுபடி அனுப்புவார், இல்லையென்றால் போன் செய்வார். திரும்பாவிட்டால், போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக் காத்திருப்பார். அதனால் டீஃபால்ட் அட்ரஸில், பிழைச் செய்தியோடு திருப்பி அனுப்பும் தேர்வைத்தான் வைக்கச் சொல்கிறேன். சத்தமில்லாமல் தூக்கிப்போடும் பிளாக்ஹோல் தேர்வைத் தொடாதீர்கள். மொத்தத்தையும் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்வதும் வேண்டாம். ஸ்பேமும் சேர்ந்து உங்கள் சர்வர் வழியாகவே போவதால், நாளடைவில் உங்கள் நல்ல மெயிலும் ஸ்பேமில் விழத் தொடங்கும்.

ஓர் ஏற்றுமதி நிறுவனம், வெப்சைட்டைப் பழைய ஹோஸ்டிங்கிலேயே வைத்துக்கொண்டு, மெயிலை மட்டும் கூகுள் ஒர்க்ஸ்பேஸுக்கு மாற்றியிருந்தது. டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு சரியாக இருந்தது, வெளியிலிருந்து அனுப்பும் மெயிலும் ஒழுங்காக வந்தது. வெப்சைட்டின் விசாரணைப் படிவத்தில் நிரப்புவது மட்டும் சேல்ஸ் முகவரிக்கு வரவில்லை. பார்த்தால், சிபேனலில் இமெயில் ரூட்டிங் இன்னும் ‘லோக்கல்’ என்றே இருந்தது. அதாவது, இந்த டொமைனின் மெயில் தன்னிடம்தான் இருக்கிறது என்று சர்வர் எண்ணிக்கொண்டிருந்தது. படிவம் அனுப்பிய மெயிலைக் கூகுளுக்குத் தள்ளாமல் தனக்குள்ளேயே சேல்ஸ் என்ற கணக்கைத் தேடியது, கிடைக்காததால் டீஃபால்ட் கணக்கில் போட்டது. வெப்மெயிலில் திறந்தபோது, கிரான் அறிக்கைகளுக்கும் ஸ்பேமுக்கும் நடுவே மாதக்கணக்கான விசாரணைகள் கிடந்தன. விலை கேட்டவர்கள், சாம்பிள் கேட்டவர்கள், பதில் வராமல் இரண்டாம் முறை எழுதியவர்கள். ரூட்டிங்கை ‘ரிமோட்’ என்று மாற்றியதும் புதிய விசாரணைகள் வரத் தொடங்கின. பழையவற்றுக்கு மன்னிப்புக் கேட்டுத்தான் பதில் எழுத வேண்டியிருந்தது.

பாதுகாப்புப் பக்கமும் இருக்கிறது. டீஃபால்ட் கணக்கில் நுழையும் பாஸ்வேர்டு, சிபேனலின் பாஸ்வேர்டேதான். “சும்மா கிடக்கும் கணக்குதானே” என்று அதை ஓர் ஊழியரின் போனில் அமைத்துக் கொடுத்தால், வெப்சைட், டேட்டாபேஸ், மற்றவர்களின் மெயில் எல்லாவற்றுக்குமான சாவி அந்தப் போனுக்குப் போய்விடும். இதை எங்கே கண்டாலும் அன்றைக்கே மாற்றச் சொல்லிவிடுவேன்.

ஆளுக்கு ஒரு தனிக் கணக்கு, அதற்கென்று ஒரு பாஸ்வேர்டு, ஓர் இட வரம்பு. சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் போன்ற வேலைகளுக்கும் தனி முகவரிகள் இருக்கட்டும். அப்போதுதான் ஆள் மாறினாலும் வாடிக்கையாளர் பழைய முகவரிக்கே எழுதலாம். ஒருவர் வேலையை விட்டுப் போனால் கணக்கை உடனே அழிக்காதீர்கள். பாஸ்வேர்டை மாற்றி, வரும் மெயிலை அடுத்தவருக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். போஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் ஒரு முகவரியும் வேண்டும். மெயில் நெறிமுறையே அதைக் கேட்கிறது.

வெப்சைட் அனுப்பும் மெயிலுக்கும் ஒரு தனிக் கணக்கு உருவாக்கி, மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி வழியாக லாகின் செய்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலில் டிஜிட்டல் கையொப்பம் இடும் டிகிம் இரண்டையும் சரியாக வையுங்கள். பிப்ரவரி 2024 முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரிடமும் இவற்றில் ஒன்றையாவது கூகுள் எதிர்பார்க்கிறது. தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வேண்டும்.

உங்கள் அமைப்பு எப்படி இருக்கிறது என்று தெரிய, ஜிமெயிலிலிருந்து உங்கள் டொமைனில் இல்லாத ஒரு பெயருக்கு மெயில் அனுப்பிப் பாருங்கள். சில நிமிடங்களில் பிழைச் செய்தியோடு திரும்பி வந்தால் சரி. வராவிட்டால் சிபேனலில் ட்ராக் டெலிவரி பகுதியைத் திறங்கள். அந்த மெயில் எந்தக் கணக்குக்குள் போனது என்று அங்கே தெரியும்.