சக்கர நீராவிக் கப்பல்: ஒரு சொல்லும் அதன் மூன்று உறுப்புகளும்

ஆங்கிலத்தில் ‘பேடில் ஸ்டீமர்’ என்று சொல்லும் கப்பலுக்குத் தமிழில் என்ன பெயர்? சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டால் ‘துடுப்பு நீராவி’ என்று வரும். அதைப் படிப்பவர் யாரோ துடுப்புப் போடுகிறார் என்று நினைப்பார். நீராவி என்பது கப்பலின் பெயர் என்றுகூட நினைக்கலாம். பர்மாத் தமிழர்களாகிய எங்களுக்கு இந்தச் சொல் சரியாக அமையவேண்டும் என்பதில் தனி அக்கறை உண்டு. எங்கள் தாத்தா பாட்டிமார் ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) இறங்கிய பிறகு புரோமுக்கும் மாந்தலேக்கும் போனது பெரும்பாலும் ரயிலில். ஐராவதி ஆற்றின் டெல்டாவுக்கும் ரயில் போகாத மற்ற ஊர்களுக்கும் இந்தக் கப்பலில்தான். வீட்டில் அதை வெறும் ‘ஸ்டீமர்’ என்றார்கள். பேச்சுக்கு அது போதும். எழுதும்போது போதாது, ஏனென்றால் ஸ்டீமர் எல்லாமே சக்கரம் வைத்தவை அல்ல.

முதலில் பொருள். நிலக்கரியோ விறகோ எண்ணெயோ எரித்துக் கொதிகலனில் நீராவி உண்டாக்கி, அந்த ஆவி பிஸ்டனைத் தள்ளி, பிஸ்டன் பெரிய சக்கரத்தைச் சுழற்றி, சக்கரத்தின் விளிம்பில் உள்ள பலகைகள் தண்ணீரைப் பின்னால் தள்ள, கப்பல் முன்னால் போகிறது. சக்கரம் இரண்டு பக்கமும் இருந்தால் பக்கச் சக்கரக் கப்பல். பின்னால் ஒன்றே ஒன்று இருந்தால் பின்சக்கரக் கப்பல். சக்கரத்தின் அச்சு தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் இருக்கும். கீழ்ப்பகுதி மட்டுமே நீரில் அமிழும். நல்ல கப்பல்களில் பலகைகள் அசையாமல் அறைந்திருப்பதில்லை. மையம் விலகிய ஓர் இணைப்பு, ஒவ்வொரு பலகையையும் அது நீருக்குள் இறங்கும் நேரத்தில் செங்குத்தாகத் திருப்பிவிடும். அதனால் பலகை தண்ணீரை அறைவதில்லை, வெளியே வரும்போது வாரி இறைப்பதும் இல்லை. கப்பலின் சக்தி வீணாகாமல் தள்ளுவதற்கே போகிறது.

இப்போது ‘துடுப்பு’. தமிழில் இது படகுக்காரரின் சொல் மட்டுமல்ல. அடுப்பில் களியோ கூழோ கிண்டும் மரக்கரண்டிக்கும் துடுப்பு என்றுதான் பெயர். துழாவுவது என்ற ஒரே வேலையை ஆற்றிலும் பானையிலும் செய்யும் பலகை அது. ஆங்கிலத்தில் ‘பேடில்’ முதலில் குறித்ததும் படகுத் துடுப்பை அல்ல. ஏர்க்கொழுவில் ஒட்டிய மண்ணைச் சுரண்டும் சின்ன மண்வெட்டி போன்ற கருவியை. பிறகுதான் அது ஆற்றுக்கு வந்தது. இரண்டு மொழியிலும் தட்டையான பலகையும் அதைப் பிடிக்கும் கையும்தான் சொல்லின் அடியில் இருக்கின்றன. ஆனால் இந்தக் கப்பலில் கை இல்லை. கையின் வேலையைச் சக்கரம் எடுத்துக்கொண்டது. ஆகவே பெயரில் முன்னால் நிற்கவேண்டியது சக்கரம். ‘துடுப்பு’ என்பதைச் சக்கரத்தின் விளிம்பில் உள்ள பலகைக்கு வைத்துக்கொள்ளலாம்: துடுப்புப் பலகை. சக்கரத்தை மூடி, தண்ணீர் மேல்தட்டில் தெறிக்காமல் காக்கும் அரைவட்டக் கூடுக்குச் சக்கரக்கூண்டு என்று பெயரிடலாம்.

நீராவி என்ற சொல்லில் ஒரு சுவையான குழப்பம் உண்டு. பழைய தமிழில் நீராவி என்றால் குளம். ‘வாவி’யோடு உறவுள்ள ‘ஆவி’ அது. கமுதிப் பக்கத்தில் நீராவி என்றே ஓர் ஊர் இருக்கிறது. முல்லைத்தீவில் நீராவியடி இருக்கிறது. கொதிக்கும் நீரிலிருந்து எழுவது இன்னோர் ஆவி. மூச்சு, உயிர் என்ற பொருள்களோடு சேர்ந்தது. ரயிலைப் புகைவண்டி என்றவர்கள் இந்தக் கப்பலைப் புகைக்கப்பல் என்றார்கள். கண்ணுக்குத் தெரிந்தது புகை, அதைப் பெயராக்கினார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் புகை டீசல் கப்பலிலும் வரும் என்பதால், இன்று துல்லியமாக எழுத நீராவியே வேண்டும். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய கம்பெனியின் ஆங்கிலப் பெயரில் ‘ஸ்டீம்’ இருந்தது. தமிழில் அது சுதேசி நாவாய்ச் சங்கம் ஆனது. ஆவியை விட்டுவிட்டு நாவாயை எடுத்தார்கள். கம்பெனிப் பெயருக்கு அது அழகு. கப்பல் வகையின் பெயருக்கு அப்படி விடமுடியாது.

பர்மியர்கள் வேறு பக்கமாக வந்தார்கள். கப்பல் அவர்களுக்கு ‘தின்போ’. நீராவிக் கப்பல் ‘மீ தின்போ’, அதாவது நெருப்புக் கப்பல். ரயிலும் அப்படியே ‘மீ யட்டா’, நெருப்பு ரதம். நாம் புகையைப் பார்த்தோம், அவர்கள் நெருப்பைப் பார்த்தார்கள். (யாங்கோன் சந்தையில் பப்பாளி வாங்குகிறவர்களுக்கு இந்தத் தின்போ நன்றாகவே தெரியும். பப்பாளிக்கு அங்கே ‘தின்போ தீ’, கப்பல் பழம் என்று பெயர்.)

இந்த நெருப்புக் கப்பல் பர்மாவுக்கு வியாபாரத்தோடு வரவில்லை, போரோடு வந்தது. கல்கத்தாவின் கிதிர்பூரில் 1823-இல் நீரில் இறக்கிய டயானா என்ற சிறு சக்கரக் கப்பல், 1824-இல் தொடங்கிய முதல் ஆங்கில-பர்மியப் போரில் ஐராவதியில் ஏறிப்போனது. காற்றும் நீரோட்டமும் எதிர்த்தாலும் நிற்காத கலத்தை அந்த ஆறு அதுவரை கண்டதில்லை. பாய்மரப் போர்க்கப்பல்களை இழுத்துப்போவதும், துடுப்பு வலிக்கும் பர்மியப் போர்ப்படகுகளைத் துரத்திக் களைக்கவைப்பதும் அதன் வேலை.

அப்புறம் கடலில் சக்கரத்தின் காலம் முடியத் தொடங்கியது. 1845-இல் பிரிட்டிஷ் கடற்படை ராட்லர் என்ற திருகுவிசிறிக் கப்பலையும் (நீருக்கடியில் பின்னால் சுழலும் விசிறி தள்ளும் கப்பல்) அலெக்டோ என்ற சக்கரக் கப்பலையும் பின்புறத்தோடு பின்புறம் கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் ஜெயித்தது. அதே ராட்லர் 1852-இல் இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்காக ரங்கூன் வந்தது. தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின் ஐராவதியில் மேலேறிப் போனபோது அவரைச் சுமந்ததோ ப்ளூட்டோ என்ற சக்கரக் கப்பல். அந்தக் கப்பலிலேயே அந்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். கடலை வென்ற திருகுவிசிறியால் ஆற்றை எளிதில் வெல்லமுடியவில்லை. கோடையில் ஐராவதி மணல்திட்டும் மெல்லிய ஓடைகளுமாகப் பிரிந்துவிடும். மூன்று நான்கு அடி ஆழத்தில் விசிறி மணலைக் கிழித்து உடையும். சக்கரமோ மேல்நீரைத் தள்ளிக்கொண்டே போகும். அகலமான ஐராவதிக்குப் பக்கச் சக்கரம், அதன் துணையாறான, குறுகி வளையும் சிண்ட்வினுக்குப் பின்சக்கரம் என்று வழக்கமானதும் இதனால்தான்.

1865-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி இந்தச் சக்கரங்களின் மேல்தான் வளர்ந்தது. 1920களில் அதனிடம் 600-க்கும் மேற்பட்ட கலங்கள் இருந்தன. ஆண்டுக்கு எண்பது, தொண்ணூறு லட்சம் பேர் பயணம் செய்தார்கள். சியாம் வகைக் கப்பல் ஒன்றின் நீளம் 326 அடி. அறையின்றித் தட்டில் போகும் பயணிகள் மட்டும் நாலாயிரம் பேருக்கு மேல் ஏறலாம். அந்தத் தட்டில் பாய் விரித்துப் படுத்தவர்களில் அறுவடைக்குப் போன தமிழரும் தெலுங்கரும் உண்டு, கணக்குப் பெட்டியோடு போன செட்டியார் கடை மேலாளர்களும் உண்டு. மாலுமிகளில் பெரும்பாலோர் சிட்டகாங்காரர்கள். அவர்களின் தலைவர் சாரங்கு. முன்னால் நின்று வண்ணம் பூசிய மூங்கிலை ஆற்றில் விட்டு ஆழத்தைக் கூவிச் சொல்ல ஓர் ஆள் இருப்பார். சாரங்கு, சுக்கான், தண்டல் (மாலுமிகளின் மேற்பார்வையாளர்) எல்லாம் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் புழங்கிய சொற்கள் என்பதால், தமிழ்ப் பயணிகளுக்கு அந்தக் கப்பலின் பேச்சு முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது.

1942-இல் ஜப்பானியர் முன்னேறியபோது அந்தக் கம்பெனியே தன் கப்பல்களை மூழ்கடித்தது. எதிரி கையில் கிடைக்கக்கூடாது என்று நூற்றுக்கணக்கான கலங்களின் அடியில் துளையிட்டு, சுட்டு, ஐராவதியின் மேல்பகுதிகளில் இறக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் அதே கப்பல்கள் அகதிகளை ஏற்றிக்கொண்டு போயின. புரோமில் இறங்கித் தவுங்குப் கணவாய் வழியாக நடந்தவர்கள் உண்டு. சிண்ட்வினைத் தாண்டித் தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தவர்கள் உண்டு. எங்கள் பெரியவர்கள் ஸ்டீமர் என்று சொல்லும்போது குரல் தாழ்வதற்குக் காரணம் இதுதான். 1948-இல் கம்பெனி அரசுடைமை ஆனது. அதன் தூண்கள் நிறைந்த தலைமையகம் யாங்கோன் பன்சோடான் தெருவில் இன்றும் நிற்கிறது.

இனி இந்தப் பெயரைப் பழங்கப்பல் பேணும் வேலையோடு பொருத்திப் பார்க்கவேண்டும். சக்கரம், நீராவி, கப்பல் என்று மூன்று உறுப்பு பெயரில் இருக்கிறது. ஒரு பழைய கப்பலைக் காப்பாற்றிவிட்டோம் என்கிறவர்களிடம் இந்த மூன்றில் எது மிச்சம் என்று கேட்கலாம்.

கிளாஸ்கோவின் கிளைடு ஆற்றங்கரையில் 1946-இல் நீரில் இறக்கி, 1947-இல் ஓட்டத்துக்கு வந்தது வேவர்லி. அதே 1947-இல் அதே கிளைடு ஆற்றில் ஐராவதிக்காகக் கட்டப்பட்டவை பாண்டோவும் பாவ்கனும், பின்சக்கரக் கப்பல்கள். வேவர்லியை 1974-இல் ஒரு பவுண்டுக்கு விற்றார்கள். வாங்கியது சக்கர நீராவிக் கப்பல்களைப் பேணுவதற்கென்றே பிரிட்டனில் இயங்கும் சங்கம். அதில் இன்றும் சக்கரம் சுழல்கிறது, ஆவி மூன்று கட்டமாக விரிந்து வேலை செய்யும் மும்மடி விரிவு நீராவி என்ஜினைப் பயணிகள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள், கடலில் பயணிகளோடு ஓடும் கடைசிச் சக்கர நீராவிக் கப்பல் என்று உலகம் அதைக் கொண்டாடுகிறது. கொதிகலன் மோசமானதால் 2019 முழுக்க ஓடமுடியாமல் நின்றது. மக்களிடம் நிதி திரட்டிப் புதிய கொதிகலன் போட்டு 2020-இல் திரும்பியது. பாண்டோவும் பாவ்கனும் சக்கரத்தை இழந்து டீசலுக்கு மாறின. பிறகு புதுப்பிக்கப்பட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றின. தேக்குத் தட்டும் பழைய வெளித்தோற்றமும் உண்டு. உடல் உண்மையான ஐராவதிக் கப்பலின் உடல். அந்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றைச் சக்கர நீராவிக் கப்பல் என்று எழுதக்கூடாது. ‘முன்னாள் சக்கர நீராவிக் கப்பல்’ என்பதே நேர்மை.

நடுவில் நிற்பவை வங்கதேசத்தின் ‘ராக்கெட்’ கப்பல்கள். 1929-இல் கல்கத்தா கார்டன் ரீச்சில் கட்டிய ஆஸ்ட்ரிச் போன்றவை. நீராவி போய் டீசல் வந்தது, ஆனால் பக்கச் சக்கரங்களோடு தலைமுறை தலைமுறையாகச் சாதாரணப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடின. இவை சக்கரக் கப்பல்கள். நீராவிக் கப்பல்கள் அல்ல. இழந்ததைத் திரும்பக் கொடுத்த இடமும் ஒன்று உண்டு. ஜெனீவா ஏரியில் 1904-ஆம் ஆண்டு மோந்த்ரூ கப்பலுக்கு டீசல்-மின் இயக்கம் வைத்திருந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அகற்றிவிட்டு, புத்தம்புதிதாக ஒரு நீராவி என்ஜினைச் செய்து பொருத்தினார்கள். நார்வேயில் 1856 முதல் ஓடும் ஸ்கிப்ளாட்னர், 1888-இல் நீளம் கூட்டிப் புது என்ஜின் வைத்த கப்பல். இரண்டு முறை மூழ்கி மீட்கப்பட்டது. பேணுவது என்றால் எதையும் மாற்றாமல் வைப்பது என்று நினைப்பவர்களுக்கு இவை இரண்டையும் காட்டவேண்டும்.

இதனால்தான் ஆங்கிலத்தின் ‘பிரிசர்வேஷன்’ என்பதற்குப் ‘பாதுகாப்பு’ என்ற சொல் இங்கே பொருந்தவில்லை. பாதுகாப்பு என்றால் பூட்டும் காவலும் மனதில் வரும். பேணல் என்றால் குழந்தையைப் பேணுவதுபோல அன்றாட வேலை. ஓடும் கப்பலில் அது அப்படித்தான் நடக்கிறது: தகட்டின் கனத்தை அளந்து தேய்ந்ததை மாற்றுவது, கொதிகலனின் குழாய்களைப் பரிசோதித்துச் சான்று வாங்குவது, துடுப்புப் பலகைகளைப் புதிதாக அறைவது, நெருப்பைச் சீராக வைக்கவும் ஆவியின் அழுத்தத்தைக் கவனிக்கவும் இளையவர்களைப் பழக்குவது. கடைசியாகச் சொன்னது கப்பல் கரையில் நின்றால் நடக்காது. ஆகவே அருங்காட்சியகக் கப்பலுக்கு ‘காட்சிநிலைப் பேணல்’, ஓடுவதற்கு ‘இயங்குநிலைப் பேணல்’ என்று பிரித்து எழுதலாம்.

எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை: பொதுப் பெயர் ‘சக்கர நீராவிக் கப்பல்’. பக்கச் சக்கரமா பின்சக்கரமா என்று தெரிந்தால் அதையும் முன்னால் சேர்க்கலாம். டீசலில் ஓடினால் ‘சக்கரக் கப்பல்’ மட்டும். படகு என்று எழுதவேண்டாம். நாலாயிரம் பேர் ஏறிய கலத்துக்கு அது சிறுத்த சொல். பேச்சிலும் கதையிலும் ‘ஸ்டீமர்’ இருக்கட்டும். பர்மாப் பின்னணி வரும் இடத்தில் ‘மீ தின்போ’வையும் ஒருமுறை சொல்லி விளக்கிவிட்டால், அந்த ஆற்றில் அதோடு வாழ்ந்தவர்கள் வைத்த பெயரும் தமிழில் பதிவாகிவிடும்.