பூத்த பிறகுதான் பெயர் கிடைத்த பனை

எனக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருவது ஓர் இலையின் படம். "சார், இது புதுச் செடியா, பாத்துச் சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி இருக்கும். பூவோ காயோ இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்றால் பலருக்கு வருத்தம். பெயர் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடிப்பதாக நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது மடகாஸ்கரின் தஹினா பனையைப் பற்றி.

மடகாஸ்கரின் வடமேற்கில், அனலலாவா பகுதியில், சுண்ணாம்புப் பாறைக் குன்றின் அடிவாரத்தில் வளரும் மரம் அது. தண்டு 18 மீட்டர் வரை உயரும். விசிறி போன்ற ஓர் இலையே சுமார் 5 மீட்டர் அகலம். கூகுள் எர்த் படத்திலேயே தெரியும் அளவுக்குப் பெரியது. அப்படியும் 2008 வரை அறிவியலில் அதற்குப் பெயர் இல்லை. இத்தனைக்கும், அந்தத் தீவின் பனைகளைப் பற்றி 1995-லேயே தனிப் புத்தகம் வந்துவிட்டது!

பூக்காத நிலையில் அது இன்னொரு விசிறிப் பனை, அவ்வளவுதான். மேற்கு மடகாஸ்கரில் பிஸ்மார்க்கியா போன்ற வேறு விசிறிப் பனைகளும் உண்டு. அருகில் முந்திரித் தோட்டம் நடத்திய சேவியர் மெட்ஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் குடும்பம், மரத்தின் உச்சியில் கோபுரம் போலப் பூங்கொத்து எழுந்து நிற்பதைப் பார்த்துப் படம் எடுத்தது. அந்தப் படங்கள் லண்டன் க்யூ தாவரவியல் தோட்டத்தின் பனை நிபுணர் ஜான் ட்ரான்ஸ்ஃபீல்டின் கண்ணில் பட்டன. பார்வைக்கு இலங்கையில் வளரும் தாளிப்பனை போல இருந்தது. ஆனால் தாளிப்பனை மடகாஸ்கரில் இருந்ததாகப் பதிவே கிடையாது.

படம் சந்தேகத்தைக் கிளப்பும். அதற்கு மேல் அதனால் முடியாது. மடகாஸ்கரைச் சேர்ந்த தாவரவியலாளர் மிஜோரோ ரகோதோஆரினிவோ நேரில் போய் மாதிரி சேகரித்தார். பனையைச் சேகரிப்பது எங்கள் தொழிலில் எல்லாரும் தள்ளிப்போடும் வேலை. உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்தான் ஹெர்பேரியம்; அங்கே மாதிரியை ஒட்டும் தாள் ஒரு செய்தித்தாளின் பாதி அளவுதான் இருக்கும். 5 மீட்டர் இலையை அதில் எப்படி ஒட்டுவது? இலையை அளந்து, படம் எடுத்து, நடுப்பகுதி, ஓரம், காம்பு எனத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எண் கட்ட வேண்டும். பூக்காம்புகளில் கொஞ்சத்தைச் சாராயக் கரைசலில் போட வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பனைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் ஏராளம். ஹெர்பேரியங்களில் பனை மாதிரிகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம்தான் ஒப்பீடு. பூ அமைப்பும் டிஎன்ஏவும் ஒரே பக்கம் கைகாட்டின. இதன் நெருங்கிய சொந்தங்கள் பக்கத்து ஆப்பிரிக்காவில் இல்லை. அவை ஆசியாவில் வளரும் மூன்று பனை வகைகள்: சூனியோஃபீனிக்ஸ் தெற்குச் சீனா, வியட்நாம் பக்கம், கெரியோடாக்ஸா தாய்லாந்தில், நானோராப்ஸ் அரேபியாவிலிருந்து பாகிஸ்தான் வரை. அந்த மூன்று பேரினங்களில் (பேரினம் என்பது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) எதற்குள்ளும் இது அடங்கவில்லை. ஆகவே புதிய சிற்றினத்தோடு புதிய பேரினமும் தேவைப்பட்டது: தஹினா ஸ்பெக்டாபிலிஸ். பேரினப் பெயர், மரத்தைக் கண்ட மெட்ஸின் மகள் பெயரிலிருந்து வந்தது. 2008 ஜனவரியில், லண்டன் லின்னேயன் சங்கத்தின் தாவரவியல் இதழில் வெளியானது. அன்றைய விதிப்படி லத்தீனில் விவரணை கட்டாயம். 2012 முதல் ஆங்கிலமும் போதும். மூலமாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரியை, ஒரு ஹெர்பேரியத்தில் வைக்கும் விதியில் மட்டும் தளர்வு இல்லை. நாளைக்கு யாராவது "இது தனிப் பேரினமே இல்லை" என்று வாதாடினால், எடுத்துப் பார்க்க அந்த உலர்ந்த துண்டுகள் வேண்டுமே.

சரி, நீங்கள் காட்டில் விசித்திரமான செடி ஒன்றைப் பார்த்தால்? பிடுங்காதீர்கள், காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் சேகரிப்பது சட்டப்படி குற்றம். முழுச் செடியையும் படம் எடுங்கள். பூவை முன்னால், பக்கவாட்டில், பின்னால் எடுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் தண்டில் இலை சேரும் இடத்தையும் விடாதீர்கள். அளவு தெரிய ஒரு பேனா பக்கத்தில் இருக்கட்டும். தேதி, உயரம், மண், சுற்றி என்ன வளர்கிறது என்பதையும் எழுதுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல ஹெர்பேரியம் இருக்கிறது, திருச்சியில் ரேபினட் ஹெர்பேரியம் இருக்கிறது, அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் "ஏற்கெனவே தெரிந்த செடி" என்றுதான் பதில் வரும். அதுவும் பயனுள்ள பதிவுதான், குறிப்பாக அந்த மாவட்டத்தில் முன்பு பதிவாகாத செடியாக இருந்தால்.

சரியான இடத்தை மட்டும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். அரிய ஆர்க்கிட்களும் பனைகளும் விலைபோகும் சரக்கு. தஹினா வெளியே தெரிந்தபோது நூறு மரங்கள்கூட இல்லை. தாளிப்பனை போலவே ஒருமுறை பூத்துக் காய்த்ததும் மரம் செத்துவிடும், அதற்கே பல பத்தாண்டுகள் ஆகும். திருட்டுத்தனமாக விதை போவதற்கு முன், முறைப்படி சேகரித்து உலகத் தாவரவியல் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். விற்ற விதைகளின் பணத்தில் பங்கு அருகிலுள்ள கிராமத்துக்குப் போனது. மரங்களைக் காவல் காப்பதும் அதே கிராமத்தார்தான்.