பாலில் கலந்த வைட்டமின் டி எந்த வண்டியில் ஏறுகிறது?

வைட்டமின் டி குறைந்திருந்தால் வாரத்துக்கு ஒன்றாக 60,000 யூனிட் பொடியைத் தருகிறார்கள். பாலில் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கச் சொல்வார்கள். பாலும் சாப்பாடும் எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு. வைட்டமின் டி கொழுப்பில்தான் கரையும். நம் இரத்தத்தில் பெரும்பங்கு தண்ணீர். குடத்து நீரில் விட்ட எண்ணெய்த் துளி போல அது தனியாக இரத்தத்தில் பயணம் செய்ய முடியாது. யாராவது சுமந்து செல்ல வேண்டும். யார் சுமப்பது என்பது, அது எந்த வாசல் வழியாக உடம்புக்குள் வந்தது என்பதைப் பொறுத்தது.

வாய் வழியாக வந்தால், சிறுகுடலில் பித்தநீர் அதைக் கொழுப்போடு சேர்த்துக் கரைக்கிறது. குடல் சுவரின் செல்கள் அதை உறிஞ்சி, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு நிறைந்த கைலோமைக்ரான் என்ற நுண்ணிய உருண்டைகளுக்குள் ஏற்றுகின்றன. இந்த உருண்டைகள் முதலில் நிணநீர்க் குழாய்களில் இறங்கி, மார்பைக் கடந்து, இடது பக்கக் கழுத்தின் அடியில்தான் இரத்தத்தில் கலக்கின்றன. நெய் மணக்கும் விருந்துக்குச் சில மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால், அதன் நீர்ப்பகுதி அரிசி கழுவிய கழுநீர் போலக் கலங்கலாக இருப்பதுண்டு. அந்தக் கலங்கலே கைலோமைக்ரான் கூட்டம். பொடியிலிருந்து வந்த வைட்டமினில் ஒரு பகுதி அப்போது அதற்குள் சவாரி செய்துகொண்டிருக்கும்.

தோல் வழியாக வருவதன் கதை வேறு. உடம்பு கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் வரிசையில் அதற்கு ஒரு படி முன்னால் நிற்பது 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால். ஒரு நொதி தொட்டால் அது கொலஸ்ட்ராலாகிவிடும். தோலில் இருக்கும்போது 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர் பட்டால், அதன் வளையங்களில் ஒன்று திறந்துகொள்கிறது. பிறகு உடல் வெப்பத்தில் மெல்ல உருமாறி வைட்டமின் டி ஆகிறது. கொலஸ்ட்ராலும் வைட்டமின் டியும் ஒரே தாய்மூலக்கூறின் பிள்ளைகள் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

இப்படிப் பிறந்த வைட்டமின் கொழுப்பு வண்டியை நாடுவதில்லை. கல்லீரல் தயாரிக்கும் ஒரு தனிப் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. வைட்டமின் டி பிணைப்புப் புரதம் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் ஜான் ஹடாட் குழுவினர் 1993இல் இதை ஆராய்ந்தார்கள். தோலில் உண்டான வைட்டமின் ஏறக்குறைய முழுவதும் இந்தப் புரதத்தின் மேல் இருந்தது. வாய்வழியாகக் கொடுத்ததோ புரதத்திலும் கொழுப்புத் துகள்களிலும் பிரிந்து கிடந்தது. கொழுப்பு வண்டி கல்லீரலை விரைவில் அடைகிறது. புரதத்தோடு வருவது நிதானமாக வந்து சேர்கிறது. வெயில் தந்த வைட்டமின் நெடுநாள் தாங்குவதற்கு இது ஒரு காரணம்.

கல்லீரலை அடைந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே உருவாகும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டியைத்தான் பரிசோதனைக் கூடங்கள் அளக்கின்றன. அதில் 85 முதல் 90 சதவீதம் பிணைப்புப் புரதத்தின் மேலேயே இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி அல்புமின் என்ற இன்னொரு இரத்தப் புரதத்தில். பிணைப்புப் புரதத்தின் இருக்கைகளோ 5 சதவீதம்கூட நிரம்புவதில்லை. ஆகவே இரத்தக் கொழுப்பு கூடினாலும் குறைந்தாலும் இந்த வைட்டமினுக்கு இடத் தட்டுப்பாடு வருவதில்லை.

அப்படியானால் டிரைகிளிசரைடு அதிகமுள்ள பலருக்கு வைட்டமின் டி ஏன் குறைவாக இருக்கிறது? உடற்பருமனைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பருமனானவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிரைக் கொடுத்துப் பார்த்த 2000ஆம் ஆண்டு ஆய்வில், பருமனானவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டி உயர்ந்த அளவு 57 சதவீதம் குறைவாக இருந்தது. கொழுப்புத் திசு அதை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. நாள் முழுக்க அறைக்குள் உட்கார்ந்திருப்பதும் டிரைகிளிசரைடு, வைட்டமின் டி என்ற இரண்டு எண்களையும் ஒருசேரக் கெடுக்கும். வைட்டமினைக் கூட்டினால் இதயம் தப்பித்துவிடும் என்ற நம்பிக்கையை, 25,871 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாளுக்கு 2,000 யூனிட் வீதம் கொடுத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2019இல் பொய்யாக்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. கொழுப்புக்கு மருந்தாக எண்ணி இந்தப் பொடியை வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

கொழுப்போடு இதற்குள்ள உறவு அத்துடன் அறுந்துவிடுவதில்லை. வைட்டமினைச் சுமந்த புரதம் சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாண்டிச் சிறுநீரோடு போகப் பார்க்கும். அங்கே மெகாலின் என்ற ஏற்பி அதைப் பிடித்துச் செல்லுக்குள் இழுக்கிறது. உள்ளேதான் வைட்டமின் தன் இறுதி வடிவத்தை அடைகிறது. மெகாலின் இல்லாத எலிகள் வைட்டமினைச் சிறுநீரில் இழந்தன, எலும்பும் நலிந்தது. இரத்தத்திலிருந்து எல்.டி.எல். கொலஸ்ட்ராலைப் பிடித்து அகற்றும் ஏற்பியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இந்த மெகாலினும்.